மடக்குக் கத்தி: கூர் வேண்டிய இடமும் வேண்டாத இடமும்

கல்லாப் பெட்டியின் ஓரத்தில் ஒரு மடக்குக் கத்தி கிடக்காத மளிகைக் கடை அனேகமாக இராது. மூட்டை வாயைத் திறப்பது, அட்டைப்பெட்டியின் ஒட்டுநாடாவைக் கீறுவது, சணலை அறுப்பது, புளிச் சிப்பத்தின் கட்டைப் பிரிப்பது என்று காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை அதற்கு ஓய்வே இல்லை. தராசை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோம். படிக்கற்களுக்கு முத்திரை வைக்கிறோம். கத்தியை மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை. மழுங்கினால் சாணைக்காரரிடம் கொடுக்கிறோம், அத்தோடு சரி.

சாணை பிடிப்பதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அலகின் வாய் கூராக இருக்க வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு கிடையாது. கூர் இருக்கவே கூடாத இடங்களில், அதாவது அலகின் முதுகிலும் பிடியின் ஓரத்திலும் இருக்கும் கூரைப் பற்றித்தான் இக்கட்டுரை. இது சின்ன விஷயம்போல் தோன்றும். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

எங்கள் கிடங்கில் நடந்தது

செம்பரம்பாக்கத்தில் பெங்களூர் சாலையை ஒட்டி எங்கள் மொத்தச் சரக்குக் கிடங்கு இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் மலிவாகக் கிடைத்ததே என்று மடக்குக் கத்தியில் இரண்டு டஜன் வாங்கினோம். கிடங்கு ஆட்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மீதியை விற்பனைக்கு வைத்தோம். அலகு நன்றாகத்தான் வெட்டியது. ஆனால் பிடியின் இரு பக்கமும் இருந்த எஃகுத் தகட்டின் ஓரம் தகரத்தை வெட்டிய மாதிரி இருந்தது. ஒரு நாளில் நூறு மூட்டை பிரிப்பவருக்கு உள்ளங்கை கன்றிப்போகும். ஆட்கள் சொன்னார்கள். “பழகிவிடும்” என்று நாம் பதில் சொன்னோம்.

பழகவில்லை. ஆட்களில் ஒருவர், வயது இருபத்தைந்து இருக்கும், தாமே ஒரு வழி கண்டுபிடித்தார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பைப் பிடியின் மேல் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கைக்கு மெத்தென்று இருந்தது. ஆனால் விரித்த அலகைப் பின்னால் வந்து தாங்கிப் பிடிக்கும் பூட்டுத் தகடு, டேப் சுற்றிய பிறகு முழுதாக உட்காரவில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை. சர்க்கரை மூட்டையின் தையலில் கத்தியைக் கொடுத்து நெம்பியபோது அலகு மடங்கி, இரண்டு விரல்களின் மேல் இறங்கிவிட்டது. நாலு தையல், பன்னிரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. நல்லவேளையாக நரம்பு தப்பியது.

மருத்துவச் செலவையும் அந்த நாட்களின் கூலியையும் நாம் கொடுத்தோம். அது தர்மம் அல்ல, கடமை. அந்தக் கத்தியை வாங்கியது நாம்தானே? பிறகு உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று விளங்கியது. காயம் செய்தது அலகின் வாய்; ஆனால் காயத்துக்குக் காரணம் பிடியின் ஓரம். கையைக் கடிக்கும் கருவியை யாரும் சரியாகப் பிடிக்க மாட்டார்கள். துணியைச் சுற்றுவார்கள், டேப்பைச் சுற்றுவார்கள், விரல் நுனியால் தளர்வாகப் பிடிப்பார்கள். விபத்துக்கு அங்கேயே வழி திறந்துவிடுகிறது.

ஓரம் ஏன் கடிக்கிறது?

கத்தியின் அலகும் பிடியின் உள்தகடும் பெரும்பாலும் எஃகுத் தகட்டிலிருந்து அச்சில் வெட்டி எடுக்கப்படுபவை. அச்சு இறங்கி வெட்டும்போது தகட்டின் ஒரு பக்க ஓரம் சற்றே மழுங்கியும், மறுபக்க ஓரம் மெல்லிய பிசிறோடும் வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, தோலுக்குத் தெரியும். அந்தப் பிசிறை எடுப்பதற்குத் தனியாக ஆளும் நேரமும் வேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் விட்டுப்போவது இந்த வேலைதான்.

இது நம் வட்டாரத்துக்குத் தெரியாத சங்கதி இல்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது; 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. இவற்றைச் சுற்றிச் சிறிதும் பெரிதுமாக உதிரிபாகப் பட்டறைகள் பெருகின. அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பாகத்தின் வரைபடத்திலேயே ‘பிசிறு நீக்கவும், கூர் ஓரங்களை உடைக்கவும்’ என்று ஒரு குறிப்பு இருக்கும் என்பார்கள். ஓரத்தை உடைப்பது என்றால் கூர்முனையை அரத்தால் லேசாகச் சரித்துவிடுவது. இயந்திரத்துக்குள் போகும் பாகத்துக்கே இந்த மரியாதை உண்டு. கைக்குள் இருக்கும் கத்திக்கு வேண்டாமா?

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கட்டைவிரலால் அலகின் முதுகை 3 கிலோ பலத்தோடு அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூர் ஓரமாக இருந்தால் அந்தப் பலம் முழுதும் அரை மில்லிமீட்டர் அகலத்தில் விழும். விரல் படும் நீளம் 10 மில்லிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 60 கிலோ அழுத்தம். அதே முதுகை உருட்டிவிட்டு 3 மில்லிமீட்டர் அகலத்தில் விரல் படும்படி செய்தால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோதான். பலம் ஒன்றே, வலி ஆறில் ஒரு பங்கு.

பெயர் பெற்ற கத்திகள் சொல்லும் பாடம்

சிறிய மடக்குக் கத்தியை நாம் பேனாக்கத்தி என்கிறோம். இறகை எழுதுகோலாகச் சீவிய காலத்தில் அதன் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால் வந்த பெயர் அது. இறகுப் பேனா போனது, கத்தி நின்றது.

பிரான்ஸ் நாட்டில் சவோய் என்ற மலைப்பகுதியில் ஜோசப் ஓபினெல் என்பவர் 1890-ல் ஒரு மடக்குக் கத்தி செய்தார். விவசாயிகளும் தொழிலாளிகளும் பையில் வைத்துக்கொள்ளும் சாதாரணக் கத்திதான். இன்றும் அதே பெயரில், அதே வடிவில் விற்பனையாகிறது. அதன் பிடி ஒரே மரத்துண்டு. எங்கும் மூலை கிடையாது, உருண்டு திரண்டு உள்ளங்கையை நிறைக்கும். 1955-ல் அலகு மடங்காமல் இருக்க ஒரு பூட்டு வளையத்தையும் சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897-ல் பதிவு செய்த இராணுவ அதிகாரிகளின் கத்தியும் அப்படியே. இன்று கடையில் கிடைக்கும் அதன் வாரிசுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிடியின் இரு பக்கமும் வழவழவென்று வளைந்திருக்கும். நூறு ஆண்டுக்கு மேல் விற்கும் சரக்கில் நாம் பார்க்க வேண்டியது அலகை மட்டுமல்ல, பிடியையும்.

எங்கெல்லாம் பார்க்க வேண்டும்?

ஒரு துண்டுப் பஞ்சு போதும். கத்தியின் வாயைத் தவிர மற்ற எல்லா ஓரங்களிலும் பஞ்சை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். நார் எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள் ஆறு.

1. அலகின் முதுகு: கட்டைவிரல் அழுத்தும் இடம்.
2. பிடியின் உள்தகட்டு ஓரங்கள்: பக்கக் கட்டைக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கையை அறுக்கும்.
3. ஆணித் தலைகள்: சரியாக அடிக்கப்படாத ஆணி மேலெழும்பி நிற்கும்.
4. நகப்பள்ளம்: அலகைத் திறக்க நகத்தைக் கொடுக்கும் இடம். இதன் உதடு கூராக இருந்தால் நகம் பிளக்கும்.
5. அலகின் அடிப்பாகம்: மடக்கிய நிலையில் பிடிக்கு வெளியே ஒரு மூலை துருத்தி நிற்கும். சட்டைப்பையைக் கிழிப்பது இதுதான்.
6. இடுப்பில் செருகும் கொக்கி இருந்தால் அதன் நுனி.

சரிசெய்யும் முறை

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு ஊசி அரம், உப்புத்தாளில் 220, 400, 600, 1000 எண்களில் ஒவ்வொரு தாள், பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய ஒரு துண்டு, கொஞ்சம் ஒட்டுநாடா. அவ்வளவும் ஹார்டுவேர் கடையிலும் வீட்டிலும் கிடைப்பவை. உப்புத்தாளில் எண் கூடக் கூட மணல் நைசாகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும் என்பதால், வண்டிக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தாள் நனைந்தால் பிய்ந்துவிடும்.

முதல் வேலை, அலகின் வாயை மூடுவது. தடித்த அட்டையை மடித்து வாயின் மேல் செருகி, ஒட்டுநாடாவால் இறுக்கிச் சுற்றுங்கள். இதைச் செய்யாமல் தொடங்கவே கூடாது. மடக்குக் கீலுக்குள் தூள் போகாமல் அதன் மேலும் நாடா ஒட்டுங்கள்.

அடுத்து, பிசிறு உள்ள ஓரத்தில் ஊசி அரத்தை 45 பாகை சாய்வில் வைத்து, ஒரே திசையில், முன்னோக்கி மட்டும் தள்ளுங்கள். இழுத்து இழுத்து உரசினால் அரத்தின் பல் போகும். அரை மில்லிமீட்டர் சரிந்தால் போதும். அதற்குமேல் எடுப்பது வீண் வேலை. பிறகு ரப்பர் துண்டின் மேல் 220 தாளை வைத்து அந்த ஓரத்தில் தேயுங்கள். ரப்பர் அமுங்குவதால் தாள் ஓரத்தைச் சுற்றி வளைந்து, மூலையை உருட்டிவிடும். கட்டையின் மேல் தாளை வைத்துத் தேய்த்தால் ஒரு மூலை போய் இரண்டு மூலை வரும். செருப்புத் துண்டின் சூட்சுமம் இதுதான்.

220-க்குப் பிறகு 400, 600, 1000 என்று வரிசையாகப் போங்கள். முந்திய தாள் விட்ட கீறல் முழுதும் மறைந்த பிறகே அடுத்த தாள். மரப்பிடியானால் தண்ணீர் வேண்டாம். நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். தூள் மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள்வது நல்லது. கடைசியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கீலில் ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டால் போதும். தேங்காய் எண்ணெயைக் கீலில் விடாதீர்கள். நாளாக ஆகப் பிசுக்கு ஏறி, கத்தி திறக்க வராது. பழம், வெல்லம் நறுக்கும் கத்தியானால் மிஷின் எண்ணெய் அலகில் வழிந்திராமல் துடைத்துவிடுங்கள்.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை. மரப்பிடிக்கு மெருகேற்ற ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள். நல்ல எண்ணெய்தான். ஆனால் அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அது காற்றோடு சேர்ந்து தானே சூடேறித் தீப்பற்றும். கோணியும் அட்டையும் அடுக்கிய கிடங்கில் இதைவிட ஆபத்து வேறில்லை. துணியை வெளியில் விரித்துக் காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

தொடக்கூடாத இடங்கள்

ஆர்வத்தில் எல்லாவற்றையும் தேய்த்துவிடக் கூடாது. பூட்டுத் தகடு அலகைத் தொடும் முகப்பு, அது வந்து உட்காரும் அலகின் அடிப்பகுதி, முதுகு ஸ்பிரிங் பட்டை விழும் பள்ளம் ஆகிய மூன்றிலும் அரமோ தாளோ படக்கூடாது. அங்கே ஒரு நூல் அளவு குறைந்தாலும் பூட்டு பிடிக்காது. எங்கள் கிடங்கில் டேப் செய்த வேலையை இங்கே அரம் செய்துவிடும்.

சுற்றும் சாணை இயந்திரத்திலும் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். உரசும் சூட்டில் எஃகு முதலில் வைக்கோல் நிறமாகும். 300 பாகை செல்சியஸ் அளவில் நீலம் பாரிக்கும். நீலம் கண்ட இடத்தில் பதம் போயிற்று. அந்த அலகு பிறகு கூர் தாங்காது. கையால் தேய்த்தால் பத்து நிமிடம் கூடுதலாகும். ஆனால் கத்தி நிற்கும்.

வேலை முடிந்ததும் அலகை விரித்து, விரல்கள் மடங்கும் வழியில் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, முதுகை ஒரு மரக்கட்டையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். பூட்டு அசைந்தால் அந்தக் கத்தி குப்பைக்கு.

விற்பனைக்கு வைப்போர் கவனத்திற்கு

இதுவரை சொன்னது நம் கடையில் நாம் பயன்படுத்தும் கத்திக்கு. விற்கும் கத்தி வேறு விஷயம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளால் வாங்கியவருக்குத் தீங்கு நேர்ந்தால், சில சமயங்களில் விற்றவரும் பொறுப்பாவார் என்கிறது அச்சட்டம். நமக்கு முக்கியமானவை மூன்று. பொருளை நாம் மாற்றி அமைத்து, அந்த மாற்றமே தீங்குக்குப் பெருங்காரணமாக இருந்தால் நாம் பொறுப்பு. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளை விற்றாலும் நாம் பொறுப்பு. பொருளைப் பரிசோதிப்பதில் நியாயமான கவனம் இல்லாமலோ, தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவருக்குச் சொல்லாமலோ விற்றுத் தீங்கு நேர்ந்தாலும் நாம் பொறுப்பாக நேரும்.

ஆகவே விற்பனைச் சரக்கை அரம் போட்டுத் திருத்த வேண்டாம். திருத்தம் கொள்முதலில் இருக்கட்டும். பெட்டியில் பத்துக் கத்தியை எடுத்துப் பஞ்சு போட்டுப் பாருங்கள். நார் சிக்கினால் திருப்பி அனுப்புங்கள். தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத சரக்கை வாங்காதீர்கள். கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். விலையில் நாலு ரூபாய் கூடினால் கூடட்டும்.

ஆயுதச் சட்டத்தையும் மறக்கக் கூடாது. அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்பட்டவை நீங்கலாக, ஆயுதப் பட்டியலில் வரும். நம் மடக்குக் கத்தி மூன்று, நான்கு அங்குலத்தோடு நின்றுவிடும். ஆனால் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து விரியும் கத்தி மளிகைக் கடைக்கு ஆகாது. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் கத்தி சினிமாவில் பெயர் வாங்கியது. அந்தப் பெயரே பின்னர் அத்தொழிலுக்குக் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வேலை செய்து, அறை எடுத்துத் தங்கியிருக்கும் வெளியூர்ப் பிள்ளைகள் வெங்காயம் நறுக்க, பழம் வெட்ட நம்மிடம்தான் கத்தி வாங்குகிறார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போனால் வாசலிலேயே தகராறு வரலாம். “தம்பி, அறையிலேயே வைத்துக்கொள்” என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவது நல்லது.

கத்தியே வேண்டாத வேலை

மூட்டை வாயில் இருப்பது பெரும்பாலும் சங்கிலித் தையல். சரியான ஓரத்தில் முதல் கண்ணியை மட்டும் அறுத்து, உரிய நூலைப் பிடித்து இழுத்தால் வாய் முழுதும் சரசரவென்று பிரிந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து வராவிட்டால் மறு பக்கத்தில் வரும். கோணியும் கிழியாது, நூலும் சரக்கில் விழாது. பழைய ஆட்களுக்கு இது கைவந்த கலை. புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அவர்கள் கத்தியைக் கொடுத்து நெம்புகிறார்கள். நெம்புவது மடக்குக் கத்தியின் வேலையே அல்ல.

எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் சில சமயம் வெட்டுப்படும். அப்போது நம் கடைகளில் நடப்பது என்ன? காபித்தூளை வை, மஞ்சள்தூளை அப்பு என்று ஆளாளுக்கு ஓடுவார்கள். வேண்டாம். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மடங்க மறுத்தாலோ, மரத்துப் போனாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டெட்டனஸ் ஊசி போட வேண்டுமா என்பதையும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் கிடங்கில் இப்போது கத்திகள் எல்லாம் ஓரம் தேய்த்தவை. அந்த இரண்டு டஜனில் விற்காமல் இருந்ததைத் திருப்பி அனுப்பினோம். விற்றது யாரிடம் போயிற்று என்பதை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. விரலில் தையல் போட்ட அந்தத் தம்பி எங்களிடமே இருக்கிறார். புதிதாக ஆள் வந்தால் அவரிடம்தான் முதலில் அனுப்புகிறோம். சங்கிலித் தையலைப் பிரிப்பது எப்படி, கத்தியைப் பிடிப்பது எப்படி என்று அவர் காட்டித்தருகிறார். பிடியில் டேப் சுற்றியிருப்பதைக் கண்டால் அவரே உரித்துவிட்டு, கத்தியை நம்மிடம் கொண்டுவந்து வைக்கிறார்.

வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. இன்றிரவு கடை அடைக்குமுன் கல்லா ஓரத்துக் கத்தியை எடுத்து ஒரு துண்டுப் பஞ்சால் இழுத்துப் பாருங்கள். அதன் பிடியில் துணியோ டேப்போ சுற்றியிருந்தால், யார் சுற்றினார்கள், ஏன் சுற்றினார்கள் என்று கேளுங்கள். நாம் கேட்கத் தவறியது அதைத்தான்.